குங்குமத்துக்குள் ஒரு சிவப்பு விளக்கு

போன வாரம் நண்பர் நாகராஜ் போன் பண்ணினார். மாநில எல்லையில், ஜூஜுவாடி பக்கம் கார்களுக்கு உதிரி பாகம் செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது.

"பெங்களூர்ல இருந்து கஸ்டமர் வர்றாரு. எங்க நெட்வொர்க்க காட்டப்போறோம். நீயும் வந்து பாரு... அப்படியே உன் பத்தியில எழுது."

எழுதுகிறேன், நாகராஜ். தாராளமாக எழுதுகிறேன்!

அவருடைய மெஷின்கள் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, விவரத்தை சர்வருக்கு அனுப்பும். கனெக்‌ஷன் போனால் மெஷின்கள் நின்றுவிடும். அதனால் கஸ்டமர் கேட்டது ஒன்றே ஒன்று — கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது. அதைக் கண்ணெதிரே காட்டினால் ஆர்டர். ஆர்டர் வந்தால் இரண்டாவது ஷிப்ட். வராவிட்டால்? புதிதாக வாங்கிய மெஷின்களைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நாகராஜ் வழி செய்திருந்தார். ஷெட்டில் ஒரு ரேக். அதில் நெட்வொர்க் ஸ்விட்ச் — விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, எல்லா மெஷின்களின் கேபிளும் வந்து சேருகிற பெட்டி. அங்கிருந்து சர்வர் அறைக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று கூரை வழியாக, இன்னொன்று தரைக்கடியில். ஒன்று போனால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி. இங்கே யாரும் எழுந்துபோய் மாட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மாறிடும் சார். மாறினதே யாருக்கும் தெரியாது" என்றார் ரியாஸ். நெட்வொர்க் அவர் பொறுப்பு.

யாருக்கும் தெரியாது! இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் மஞ்சுநாத் வந்தார். காபி, பிஸ்கட், சால்வை எல்லாம் ஆனது. ரேக் முன்னால் போய் நின்றோம்.

"நீங்களே ஒரு கேபிள புடுங்குங்க சார். எத வேணும்னாலும்!" என்றார் நாகராஜ், பந்தியில் இன்னொரு லட்டு வைக்கிற தோரணையில்.

மஞ்சுநாத் தரைக்கடி கேபிளைப் பிடுங்கினார்.

கண்ணை மூடினோம். திறந்தோம். மறுபடி மூடித் திறந்தோம்... ஒவ்வொரு மெஷினாக நின்று, ஷெட்டே அமைதியாகிவிட்டது.

நாகராஜ் முகத்தில் ஈயாடவில்லை. "என்னாப்பா ரியாஸ் இது? கூர மேல இன்னொரு கேபிள் இருக்குதில்ல?"

"இருக்குது சார். அது போச்சுன்னா சிவப்பு லைட் எரியணும். தெனமும் பாத்துக்கினுதான் இருக்கறேன், எரியவே இல்லையே!"

எங்கே அந்த லைட்? அது இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. தை பிறந்தும் இம்மி உதிரவில்லை. ரியாஸ் நகத்தால் சுரண்டினார். உள்ளே செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது!

"யாருய்யா இதுல பொட்டு வெச்சது?"

"நீங்கதான் சார். ஒண்ணயும் உடக்கூடாதுன்னு உங்க கையாலயே வெச்சீங்க."

ரேக்கின் அடியில் பூஜைப் பொரியின் மிச்சம். பொரிக்கு எலி வந்திருக்கிறது. தின்று முடித்ததும் வாய் சும்மா இருக்குமா? கூரைக் கேபிளின் நுனியைக் கடித்துவிட்டது. அன்றே தரைக்கடி கேபிள் சத்தமில்லாமல் வேலையை ஏற்றுக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. மஞ்சுநாத் மட்டும் அந்தச் செத்த கேபிளைப் பிடுங்கியிருந்தால், எல்லோரும் கைதட்டியிருப்போம்.

சிரிக்காதீர்கள். ஸ்பேர் சிலிண்டரை மாட்டிய அன்றே அடுத்ததை புக் பண்ணுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுப்புதான் எரிகிறதே! ஒன்று தீர்ந்த பிறகும் நமக்கு இரண்டு இருக்கிற தெம்பு.

நாகராஜைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கேலி செய்யக்கூட மனம் வரவில்லை... அன்றைக்கு.

மஞ்சுநாத் ஓரமாகப் போய் போனை எடுத்தார். "போச்சு. ஆர்டர் போச்சு" என்று நாகராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சுநாத் கன்னடத்தில் பேசினார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கன்னடம் புரியாதா என்ன? அவருடைய கம்பெனிக்குத்தான் பேசினார்.

"நம்ம ரேக்ல இருக்கற குங்குமத்தத் தொடச்சுப் பாருங்க... ஆமா, இப்பவே. லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஊட்டா ஆகட்டும் சார். அதுக்குள்ள கேபிள் சரி பண்ணிடுங்க, இன்னொரு வாட்டி பாக்கலாம்."

சாப்பிட்டுவிட்டு வந்து பிடுங்கினார். முதலில் ஒன்று. அதைத் திரும்பச் சொருகிவிட்டு மற்றது. ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. நாகராஜுக்கு ஆர்டர் கிடைத்துவிட்டது. ஷெட்டில் இரண்டாவது ஷிப்ட் வரப்போகிறது.

நேற்று போயிருந்தேன். ரேக்குக்கு அடியில் எலிப்பொறி வைத்திருக்கிறார். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று போனால் இன்னொன்றாம்!

இரண்டுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்.