ரத்தான பயணத்தின் மூன்றாவது சுற்று

சின்ன விமானத்தை ஓட்டுவது பாதி வேலைதான். எங்கே ஓட்டலாம் என்று கேட்டு வாங்குவது மீதிப் பாதி, அது என் தலையில்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலங்களைப் படம் எடுக்கும் நாலு சீட்டு விமானத்துக்கு வழித்திட்டம் போட்டு, கூடவே பறப்பவள் நான். பெரிய விமானங்கள் ஏறி இறங்கும் வான்வெளி அது. எந்த இடம், எந்த உயரம், எத்தனை மணி என்று எழுதிக் கன்ட்ரோல் அறையில் அனுமதி வாங்க வேண்டும். ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

இல்லாத ஏரி

ரஞ்சன்குடிக்குக் கிழக்கே வரைபடத்தில் ஓர் ஏரி. அதன் மேல் திரும்புவதாகத் திட்டம் போட்டேன். கோடையில் அந்த ஏரி வறண்டு, கருவேலம் மண்டிக் கிடந்ததை யார் கண்டது? பச்சைத் தண்ணீர் தெரிந்ததெல்லாம் கைவிட்ட கல்குழி ஒன்றில்தான். அதை ஏரி என்று நம்பித் திரும்பிவிட்டோம். பைலட் கேப்டன் தேவராஜ் எதற்கும் சிரிப்பவர், இதற்கும் சிரித்தார். ரேடியோவில் பேசிய கன்ட்ரோல் அறை அம்மா சிரிக்கவில்லை.

"நீங்க இருக்கற எடம் உங்களுக்குத் தெரியுதா, இல்ல நான் சொல்லட்டுங்களா?"

நேற்று வந்தது

அடுத்தது திருமானூர். கொள்ளிடக் கரையோரம் மூன்று சுற்று. அதே நேரத்தில் பெரிய விமானம் ஒன்று இறங்குகிறது என்று அனுமதி மறுத்தார்கள். வயிற்றில் சிவப்புக் கோடு போட்ட எங்கள் வெள்ளை விமானம் அன்று முழுக்க ஷெட்டில் நின்றது; பூட்டியவளே நான்தான்.

மறுநாள், தாழப் பறக்கப்போகிறோம், பயப்படாதீர்கள் என்று சொல்ல ஊருக்குப் போனேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த செல்வராசு நிமிர்ந்தார். எத்தனை சுற்று என்று நான் வாயே திறக்கவில்லை.

"அதான் நேத்தே வந்துட்டீங்களேம்மா? வெள்ளை வண்டி, வயித்துல செவப்புக் கோடு. ரெண்டு சுத்து வந்துது. மூணாவதுக்குத் திரும்பறப்ப சத்தம் நின்னுபோச்சு. வண்டியவே காணோம்."

திருப்பிச் சொல்வது

அந்த வாரமே அனுமதி வந்தது. அதே பாதை, அதே மூன்று சுற்று. செல்வராசு சொன்னதைக் கேப்டனிடம் சொன்னேன். வெயிலில் நின்ற கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்தார்.

கன்ட்ரோல் சொல்லும் உயரத்தை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் புரிந்துகொண்டோம் என்று அர்த்தம். கொள்ளிடம் கண்ணில் பட்டபோது அந்த அம்மா உயரம் சொன்னார். கேப்டன் பேசும் பட்டனை அழுத்துவதற்குள், ஹெட்போனில் ஒரு குரல் எங்கள் விமானத்தின் பெயரோடு அதைத் திருப்பிச் சொன்னது. கேப்டனின் குரல்தான். ஆனால் என் பக்கத்தில் கேப்டன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகப் பட்டனை அழுத்தித் தானும் ஒருமுறை சொன்னார். கன்ட்ரோல் அம்மா குழம்பிப்போனார்.

"அதான் சொல்லிட்டீங்களே சார். மூணாவது சுத்து ஆரம்பிச்சாச்சுன்னும் சொன்னீங்க. ஆனா ராடார்ல இப்பத்தானே உள்ளயே வர்றீங்க?"

இரண்டோடு

இரண்டு சுற்று படம் எடுத்தோம். மூன்றாவதை விட்டுவிட்டு வந்தால் ஆபீஸில் தோலை உரிப்பார்கள். சுற்றினால், செல்வராசு பார்த்த வண்டி போல நாமும் காணாமல் போவோமோ? கேப்டன் என்னைக் கேட்காமலே விமானத்தை வடக்கே திருப்பினார். அன்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மூணாவத அவங்க சுத்திக்குவாங்கம்மா. நாம வூட்டுக்குப் போவோம்."

அனுமதி கிடைத்த பயணங்களில் எல்லாம் பத்திரமாக வீடு திரும்பிவிட்டேன். மறுத்தவற்றில்தான் இன்னும் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறேனோ தெரியவில்லை.