பிச்சிப்பூ வைத்தவளின் எலிகள்

அவளுடைய கிழட்டு எலிகள் நீந்துவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்தொன்பது வயதில், வேலையும் பார்த்துக்கொண்டு பிஎச்டி செய்கிறவளுக்கு இப்படியொரு பொறாமை வரலாமா என்று கேட்காதீர்கள். வந்தது.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வகம். வயதாகும்போது எலியின் மூளையில் எது குறைகிறது, அதனால் அதன் நடத்தை எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பால்பொடியைக் கலக்கிவிடுவோம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று அடியில், ஒரு ஓரமாக, கண்ணுக்குத் தெரியாமல் சின்ன மேடை இருக்கும். எலி நீந்தித் தேடி அதில் ஏற வேண்டும். இளசுகள் நாலைந்து நாளில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வயதான கிழடுகள், சாவியை எங்கே வைத்தோம் என்று நான் வீடு முழுக்க நடப்பதுபோல, சுற்றிச் சுற்றி வரும்.

அப்போதுதான் அவள் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். தோவாளையிலிருந்து பஸ்ஸில் வருவாள். குட்டியிலிருந்து நான் தீனி போட்டு வளர்த்த எலிகளில் பாதியை எங்கள் வழிகாட்டியான சார் அவளுக்குப் பிரித்துக் கொடுத்தார். என்னைக் கண்டாலே கடிக்க வருகிற காது கிழிந்த எலியும் அந்தப் பாதியில் போனது. ஒழியட்டும் சனியன் என்று விட்டேன். மூன்றே வாரத்தில் அது அவளிடம் இளசு மாதிரி நேராகப் போய் மேடையில் ஏறியது.

இருவர் பங்கிலும் சில எலிகளின் மூளையை எடுத்துச் சோதித்தோம். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது. சார் என்னைக் கூப்பிட்டார்.

“மூளையில குறைவு ரெண்டு பேர் எலிக்கும் ஒண்ணுபோலத்தான். ஆனா அவ எலி கரை சேருது, ஒங்க எலி முழிக்குது. இதுக்கு விடை சொல்லாம ஒங்க தீசிஸ் போவாது.”

அவளுக்குக் கைராசி என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் கூண்டு கழுவிய கைக்கு இல்லாத ராசி!

குறை கண்டுபிடிக்கவே நாலு நாள் மூலையில் உட்கார்ந்து அவளைக் கவனித்தேன். என் எலிகளை விடும்போது நான் கதவோரம் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். அவள் தினமும் மேடை இருக்கும் ஓரத்திலேயே நின்று தொட்டிக்குள் குனிந்தாள். தலையில் இரண்டு முழம் பிச்சிப்பூ. மணம் என் மூலை வரைக்கும் வந்தது. எனக்குப் பொறி தட்டியது. எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. என் தலையில் தேங்காய் எண்ணெய் மணம்தான்.

“ஏட்டி, நாளைக்குப் பூ வைக்காம வா.”

“ஏன்க்கா, சார் ஏசுனாரா?”

“இல்ல. ஒன் எலிக்குப் பூ மேலதான் கண்ணு.”

மறுநாள் வெறுந்தலையோடு அதே இடத்தில் நின்றாள். அவளுடைய எலிகள் என் எலிகளைப் போலவே திசை கெட்டு அலைந்தன. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கேண்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றேன்.

திரும்பி வந்தால், அழுதுகொண்டிருப்பாள் என்று நான் நினைத்தவள் துள்ளிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, இடம் மறந்த கிழடுக்கும் மணம் மறக்கல்ல, பாத்தியளா! நான் இதையே எழுதலாம்லா?”

சாரும் சரி என்றுவிட்டார். அவள் செய்த தப்பு அவளுக்கே ஆய்வாகிவிட்டது. கண்டுபிடித்தவள் நான்.

“ஆளா, பூவான்னு உறுதி பண்ணணும்க்கா. நீங்க பூ வச்சிட்டு என் இடத்துல நில்லுங்க.”

மாட்டேன் என்றேன். பிறகு தீசிஸை நினைத்துத் தலையைக் கொடுத்தேன். அவளே பின் குத்திவிட்டாள். முதலில் நான் பூவில்லாமல் நின்றபோது என்னைச் சீந்தாத காது கிழிந்த எலி, இப்போது தண்ணீரில் விட்டதும் நேராக என்னைப் பார்த்து நீந்தி வந்தது. மேடையில் ஏறி என் பக்கம் மூக்கைத் தூக்கியது. கையில் எடுத்தேன். கடிக்கவில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, நான் அந்த நார்.

“அப்போ ஆளு இல்ல, பூதான்,” என்று அவள் நோட்டில் எழுதினாள். எனக்கு வேண்டிய விடையும் அதுதான். என் தீசிஸ் பிழைத்தது.

“பூவைக் கழத்தட்டாக்கா?”

“கொஞ்சம் பொறு மக்கா,” என்றேன். “இதைத் துவட்டி முடிச்சிருதேன்.”