பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த நோட்டு

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்கள், திருநர் எனப் பால்புதுமையினர் தாங்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ரகசியமாகக் கைமாற்றிக்கொண்ட சிற்றிதழ்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வகுப்பில் சிலவற்றை வாசித்துக் காட்டினேன். பிறகு, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று பெட்டியை நூலகத்தில் வைத்தேன். ஒன்றும் தொலைந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்தேன். பெயர், வகுப்பு, கையெழுத்து. பெரிய பொறுப்பு எனக்கு!

அந்தப் பருவம் முழுக்க அதில் ஒரே ஒருத்தியின் கையெழுத்துதான் இருந்தது, பதினொரு தடவை. அருமனையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்.

யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் அப்பா வந்து டி.சி. கேட்டார்.

"இவ படிச்சது போதும் சார்."

அவருக்குப் பின்னால் நின்றவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாத்தையும் திருப்பி வச்சிட்டேன் சார். ஒண்ணும் தொலையல்ல."

அவர்கள் போனபின் பெட்டியைத் திறந்து எண்ணினேன். எல்லா இதழ்களும் பத்திரமாக இருந்தன. ஒன்றில்கூட எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவர்களுக்கு ஊரைத் தெரிந்திருந்தது. படிக்க வந்தவளிடம் பெயர் கேட்டவன் நான்தான்.