பின்னூட்டத்தில் கொடுத்த வாக்கு

எந்தச் செய்தியையும் அடியிலிருந்து படிப்பதுதான் அவர் வழக்கம். முதலில் வாசகர்களின் பின்னூட்டங்கள், அதிலும் கடைசிப் பின்னூட்டத்திலிருந்து மேல்நோக்கி. சண்டை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்த பிறகு, அதற்குக் காரணமான செய்தி. நேரம் மிச்சமிருந்தால் தலைப்பு. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், கவிழ்த்துப் போட்ட கிரீஸ் வாளிமேல் உட்கார்ந்தபடி, உலகக் கணினித் துறையை அவர் இப்படித்தான் மேற்பார்வை பார்த்து வருகிறார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும்வரை அவர் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும், "எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்று பன்னிரண்டு மாடியும் ஒரே குரலில் கேட்கும். அவர் அன்றாடம் படிக்கும் கணினிச் செய்தித் தளத்தில் நிலைமையே வேறு. அங்கே அவர் பெயர் 'ஸ்டாப்வாட்ச்'. ஏதோ ஒரு புதுப் போனின் பேட்டரி பதினெட்டு மணி நேரம் தாங்கும் என்று செய்தி வந்தால், மற்றவர்கள் நாலு நாள் வாய்ச்சண்டை போடுவார்கள். ஐந்தாம் நாள் இவர் வந்து ஒரே வரி எழுதுவார்: "மச்சான் போன்ல பார்த்தேன். பதினோரு மணி இருபது நிமிஷம்." கூட்டம் கலைந்துவிடும். அந்தப் பதினோரு மணி நேரமும் போன் இல்லாமல் மச்சான் என்ன செய்தார் என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

சோதித்துப் பாராததை எழுத மாட்டார். எழுதியதை அழிக்க மாட்டார். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்துவதில்லை. "இன்னிக்குத் திருத்தினா, அன்னிக்கு நான் என்ன எழுதினேன்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். ஒருமுறை விரல் வழுக்கி ஒரு முத்தப் பொம்மை போய்விட்டது. போனது யாருக்கு என்றால், 'பழைய மவுஸ்' என்பவருக்கு. கொள்கை கொள்கைதான். முத்தம் இன்னமும் அங்கேயே இருக்கிறது.

இந்தப் பழைய மவுஸ் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஏழு வருடமாக இவர் கிழக்கு என்றால் அந்த ஆள் மேற்கு. அப்டேட் என்று காதில் விழுந்தாலே பழைய மவுஸுக்கு ஆகாது. எது புதிதாக வந்தாலும் ஏதோ ஒன்று கெட்டுப்போகும் என்று எழுதுவார். நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஸ்டாப்வாட்ச் போய்ச் சோதித்துவிட்டு வந்து, கெடவில்லை என்று சொல்லுவார். மிச்சம் பத்தைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

போன மாதம் ஓர் அப்டேட் வந்தது. இலவசமாகக் கிடைக்கிற ஓர் இயங்குதளத்தின் புதுப் பதிப்பு. "எழுதி வெச்சுக்கோங்க, பழைய பிரிண்டர் எல்லாம் படுத்துரும்" என்றார் பழைய மவுஸ். இவர் சும்மா இருப்பாரா? லிஃப்ட் பார்க்கப் போன அலுவலகங்களில் எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி அப்டேட்டைப் போட்டு, ஒன்பது பழைய பிரிண்டர்களை ஓட்டிப் பார்த்தார். ஒன்பதும் ஓடின. அந்தத் தெம்பில் எழுதினார்: "ஒம்பது பார்த்தேன், ஒம்பதும் ஓடுது. ஒரே ஒரு பழைய பிரிண்டர் இதனால படுத்தாலும் நான் இந்தத் தளத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்." நூற்று நாற்பது பேர் லைக் போட்டார்கள்.

பத்தாவது பிரிண்டர் அவர் வீட்டிலேயே இருந்தது. அதை மட்டும் சோதிக்கவில்லை. மனைவி பிசியோதெரபிஸ்ட். முட்டிவலி, கழுத்துவலி என்று வருபவர்களுக்குப் பயிற்சிப் படங்களை அச்சடித்துக் கொடுப்பவர். பிரிண்டர் இருந்த மேஜைப் பக்கம் கை நீண்டால் கைக்கே பயிற்சி தேவைப்படும் என்று கணவர் எப்போதோ எச்சரிக்கப்பட்டிருந்தார்.

செய்தி வந்த ஆறாம் நாள் மாலை, கணினி கேட்டதே என்று அந்த அம்மாள் தானே அப்டேட்டுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு, ஒரு தாளை அச்சடித்தார்.

"ஏங்க, இங்க வாங்க. ஆளுக்குத் தலையக் காணோம்."

மேல்பாதி வெறும் வெள்ளை. கீழ்ப்பாதியில் இடுப்பிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் உற்சாகமாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தன. அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"முட்டிவலிக்குத்தானே? காலுதான் இருக்கே."

"நாளைக்குக் கழுத்துவலிக்காரம்மா வருது. அதுக்கும் காலையே குடுத்து அனுப்பவா?"

"படுத்துருச்சுன்னு சொல்ல முடியாதும்மா. பாதி எந்திரிச்சு உட்கார்ந்திருக்கு."

"நீங்க எந்திரிச்சுச் சரி பண்ணுங்க முதல்ல."

அரை மணி நேரத்தில் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக்கொடுத்தார். தலைகள் வந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அந்தத் தளத்தில் ஒரு செய்திக்குப் பதினான்கு நாள்தான் பேச்சு. பிறகு பின்னூட்டப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். இன்னும் எட்டே நாள் வாயை மூடிக்கொண்டு கடத்திவிட்டால் போதும்.

அவரோ மச்சானின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய பதிப்பில் முழு ஆள் வந்தான். அப்டேட் போட்டதும் பாதி ஆள். பக்கத்து வீட்டுக் கணினியிலும் அதே கதை. கேபிளை மாற்றினார், மையை மாற்றினார், தாளை மாற்றினார். பிரிண்டரைத் திருகு திருகாகக் கழற்றி, துடைத்து, ஒரு திருகுகூட மிஞ்சாமல் மாட்டினார். லிஃப்டுக்கே அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. குற்றம் பிரிண்டர் மேல் என்றோ, தாள் மேல் என்றோ நிரூபித்துவிட மனசு கிடந்து தவித்தது. நூற்றுப் பன்னிரண்டு தாள் முடிந்த பிறகும் கால்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தன.

"விடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியுதே."

"நீங்க சொல்லலைன்னா?"

"இதே பிரிண்டர் வெச்சிருக்கவன் என் பேச்சை நம்பி அப்டேட்டைப் போட்டுட்டு முழிப்பான். நூத்தி நாப்பது பேரு நம்பியிருக்கான்."

"அப்ப சொல்லிடுங்க. சொல்லிட்டு அங்கேயே கெடங்க. யாரு வேணாங்கறா?"

"தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு எழுதிட்டேனே."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட சிகரெட்டை விட்டுர்றேன்னு வாக்குக் குடுத்தீங்களே, அது?"

"அது வாயால சொன்னது. இது எழுதினது."

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். இருபத்தாறு வருட அனுபவத்தில், இந்த ஆளிடம் எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

பதின்மூன்றாம் நாள், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். பிரிண்டரின் மாடல், வாங்கிய வருடம், எத்தனை கணினி, எத்தனை தாள், பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் வழி, எல்லாம் ஒன்று விடாமல். கடைசியில் மட்டும் விரல் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது: "பழைய மவுஸ் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. சொன்னபடி கிளம்புறேன்." அனுப்பினார். கணக்கிலிருந்து வெளியேறினார். போனிலிருந்தும் தளத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் இயந்திர அறையில், வேலை முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு அறிவிப்பைப் படித்தார். அதில் இரண்டு தப்பு இருந்தது. கீழே யாரும் பின்னூட்டம் எழுதியிருக்கவில்லை. மூன்றாம் நாள் அதையே மறுபடியும் படித்தார். அந்த வாரம் ஆறு லிஃப்டுகளுக்கு, தேவையே இல்லாமல், எண்ணெய் கிடைத்தது. வீட்டில் அவர் வாயிலிருந்து "உம்", "ம்ஹூம்" என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தன் போனோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பெட்டியப் பூட்டுறதுக்கு முந்தி உங்க மவுஸு என்னமோ எழுதியிருக்கு."

"நான் அந்தப் பக்கம் பாக்குறதில்லன்னு சொல்லியிருக்கேன்ல?"

"நீங்க எங்க பாக்குறீங்க? நான்ல படிக்கிறேன். 'யோவ் ஸ்டாப்வாட்ச்சு, ஏழு வருஷம் உன்கூட மல்லுக்கட்டினதுல எனக்கு வேற சிநேகிதமே இல்லாமப் போச்சு. இப்ப நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போனா எப்படி? அது கெடக்கட்டும். படத்தைத் தலைகீழாத் திருப்பி அச்சடிச்சுப் பார்த்தியா? தலை வந்து காலு மறைஞ்சா, தப்பு எங்கேன்னு பிடிச்சுரலாம்.' "

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

"தலைகீழாவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எத்தனை தாள்ல பாக்கணுமாம்?"

"அதெல்லாம் சொல்லல. பெட்டியத்தான் பூட்டிட்டாங்களே, நீங்க சோதிச்சு இனிமே யார்கிட்ட போய்ச் சொல்லப் போறீங்க?"

அவர் எழுந்து போய், தாள்கட்டைப் பிரித்து ஒரு கை நிறைய எடுத்து, மேஜையில் நாலு பக்கமும் தட்டி விளிம்பை நேராக்கி, பிரிண்டருக்குள் வைத்தார்.