வெள்ளிக்கிழமைப் பளபளப்பு

சென்ற மழைக்காலத்தில் துடியலூர்த் திருப்பமொன்றில் மணல் சறுக்கி, என் பழைய மோட்டார் சைக்கிளோடு நான் விழுந்தேன். தோளில் அடி, வண்டிக்கு ஒன்றுமில்லை. நான் அதை மறந்தேன். என் துணைவியார் மறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முதல், பூசையறை விளக்குகளோடு வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கலானார். முன்சக்கரத்தின் வலப்புறம் கண்ணாடிபோல் மின்னும் பைப்புதான் அவர் தேர்ந்துகொண்ட இடம். அதன் பிறகே எனக்கு வெளியே செல்ல அனுமதி.

இவ்வாண்டு கோடையில் அந்தப் பைப்பின் அடியில் எண்ணெய் கசியத் தொடங்கிற்று. பள்ளம் மேடுகளில் அப்பைப்பு ஒரு தடித்த உறைக்குள் ஏறி இறங்கும். உறையின் வாயில் பொருந்திய ரப்பர் வளையமே உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது. ஆயில் சீல் என்பார்கள். புதிய சீல் ஒன்றை நானே மாற்றினேன். சில நாட்களில் மீண்டும் கசிவு. வழியும் எண்ணெய் சக்கரத்துப் பிரேக்கினுள் இறங்கினால், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்துப் பட்டறை நடத்தும் நண்பரை நான் பாய் என்றே அழைப்பது வழக்கம். ஞாயிறு காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவருமாகச் சக்கரத்தைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பைப்பை உருவி எடுத்தோம்.

"போன தடவ சீலச் சுத்தியல்ல அடிச்சே எறக்கிப்போட்டீங்களாண்ணா?"

"மரக்கட்ட வெச்சுத் தட்டித்தானுங்க பாய் எறக்குனேன். என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

"சும்மா கேட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் பஞ்சைக் கிள்ளிப் பைப்பின் மேல் உருட்டினார். ஓரிடத்தில் இழை மாட்டிக்கொண்டது. வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"ரோட்டு மண்ணு கீறுனா மேலயுங் கீழயுமாக் கீறுமுங்க. இது குறுக்கால, வட்டம் வட்டமா இருக்குதே. யாரோ நார்ல தேச்சிருக்கறாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. புதுப்பொட்டு வைக்குமுன் காய்ந்த பழைய சந்தனத்தைப் போக்க வேண்டுமல்லவா? குத்துவிளக்கைத் துலக்கும் அதே புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் வாரந்தோறும் இந்த மெருகின் மேலும் ஓடியிருக்கின்றன. அந்தக் கீறல்கள்தாம் சீலின் மெல்லிய விளிம்பைக் கிழித்திருக்கின்றன. நான் விழக்கூடாதென்று துணைவியார் செய்த காரியமே பிரேக்கில் எண்ணெய் இறங்க வழி செய்துவிட்டது. அவர் இதை அறியவே கூடாது என்று எண்ணி, பாயிடம் கண்ணைக் காட்டினேன்.

அதற்குள் துணைவியார் டீயோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னங்க தம்பி, ஏன் ஒழுகுதாமா?"

"தூசிங்க்கா. ரோடு முச்சூடும் தோண்டிப்போட்டிருக்கறானுங்கல்ல."

"தூசியா? நார்னு சொன்னது காதுல உளுந்துதுங்க தம்பி." டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் பைப்பை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இது நான் வெளக்குன எடந்தானுங்க."

பாய் தம் சாமான் பையைத் துழாவினார்.

"அப்ப இவீங்களக் கீழ உளுத்தாட்டறதுக்குத்தான் நான் வாராவாரம் தேச்சுப்போட்டு இருந்தனா?" என்றார்.

"அப்பிடியில்ல அம்மணி" என்றேன். பாய் மிக மென்மையான உப்புத்தாளொன்றை எண்ணெயில் நனைத்து அவரிடம் நீட்டினார்.

"ஆழமாப் போகலீங்க்கா, மேலாப்பலதான். அழுத்தாம, பஞ்சு மாட்டாத வரைக்கும் தேயுங்க. அண்ணன் கை முரட்டுக் கை. கொடுத்தா புதுசா நாலு கீறலப் போட்டுருவாரு."

"அதென்னமோ நெசந்தானுங்க" என்று துணைவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் அமர்ந்தார்.

தேய்ப்பதும் பஞ்சை உருட்டுவதுமாக நெடுநேரம் இருந்தார். டீ ஆறியது. நாங்கள் உதவிக்குச் சென்றபோது கையசைத்து விலக்கினார். இறுதியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு ஓடிற்று. பைப்பைத் துணியால் துடைத்து, புதிய சீலைப் பொருத்தி, அளந்த எண்ணெயை ஊற்றி, எல்லாவற்றையும் பூட்டினோம். பிரேக்கையும் திறந்து துடைத்தோம்.

நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அமுக்கினேன். வண்டி தாழ்ந்து எழுந்தது. துணைவியார் குனிந்து, பைப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்குது. இன்னொருக்கா அமுத்துங்க."

அமுக்கினேன். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொருக்காங்க."

பாய் சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டு விடைபெற்றுச் சென்றார். அடிபட்ட தோள் வலித்தது, சொல்லவில்லை. துணைவியாரின் முகம் தெளிகிற வரைக்கும், கேட்ட போதெல்லாம் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.