அப்பா சொன்ன ஆமென்

போன சனிக்கிழமை சிரம்பான் தெமியாங்கில் ஒரு பழைய கடையில் மெங்குவாங் என்னும் தாழை ஓலைப் பாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீள அகலம் பார்த்தேன். (அளவு நாடா இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் மனைவி என்னோடு எந்தக் கடைக்கும் வருவதில்லை.) பிறகு பாயின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தேன். கடைப் பையன் பயந்துவிட்டான். "சார், அது சாப்பிடற சாமான் இல்ல லா" என்றான்.

அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அது எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தின் வாசனை. ரெம்பாவுக்கு உள்ளே தள்ளி நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான் ஜெபக் கூட்டம். முழங்காலில் நின்று, நெற்றியைப் பாயில் பதித்து ஜெபிப்போம். கடவுள் எப்படி இருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வந்துபோகும் இடத்தின் வாசனை தெரியும்: காய்ந்த ஓலை, அடுப்பங்கரையிலிருந்து வரும் கோப்பி, அப்பாவின் சட்டையில் ஏறிய புகை.

அப்பா, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கூடத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். அம்மா எந்தச் சவுக்காரம் போட்டுத் துவைத்தாலும் அந்தப் புகை போகாது. போதகர் சிரம்பானிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அப்பாதான் எல்லாம். "ஆண்டவர்கிட்ட கேக்காம எதையும் செய்யக் கூடாது" என்பது அவருடைய சட்டம். கோழி வாங்கினால் ஜெபம். கூரைத் தகரத்தை மாற்றினால் ஜெபம். ஒருமுறை எனக்குப் புதுச் செருப்பு வாங்குவதற்கு அவர் ஆண்டவருடைய சித்தம் என்னவென்று விசாரித்துக்கொண்டே இருந்ததில், என் கால் அடுத்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாயைச் சுற்றி ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மற்றவர்கள் "ஆமென்" சொல்ல வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. கடைசி ஜெபம் அப்பாவுடையது. நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் சொல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஞானம் அத்தை இதில் கெட்டிக்காரி. எங்களுக்குச் சொந்தம் இல்லை. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது அம்மாவுக்கு அடுத்த நிரை, அவ்வளவுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, சில வீட்டுச் சேவலுங்க நடுராத்திரியில கூவுது. அதுங்களுக்கு அடக்கத்தைக் குடும்" என்பார். சேவல் எங்களுடையது. நாங்களும் ஆமென் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை அம்மாவுடையது. "தகப்பனே, அடுத்தவங்க வீட்டுச் சத்தம் காதுல விழாத அளவுக்கு உம்ம மகளுக்கு நல்ல தூக்கத்தைத் தாரும்." அதற்கு அத்தையும் ஆமென்.

வாசல்படியில் எதிர்வீட்டு முனியாண்டி மாமா உட்கார்ந்திருப்பார். அவர் மாரியம்மன் கோயில்காரர். கூட்டம் முடிந்ததும் வரும் கோப்பிக்கும் கடலைக்கும் வருகிறவர். ஆனால் ஆமென் மட்டும் தவறாமல் சொல்வார். "எங்க ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டா பூசாரிக்குக்கூடத் தெரியாது. உங்க சாமிகிட்ட வேண்டிக்கிட்டா லயம் பூராவும் தெரிஞ்சி போவுது லா" என்று சிரிப்பார்.

நான் சிரம்பானில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. (அளவு நாடா அங்கே தொற்றிக்கொண்டதுதான்.) தங்கை கிருபா ஐந்தாம் படிவம் முடித்து நர்சு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. பயிற்சி என்றால் ஹாஸ்டலில் இருக்க வேண்டும், ராத்திரி வேலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போய்விடும், போகப்போகக் கடவுள் பயமே போய்விடும் என்று அவருக்குக் கலக்கம்.

"ஆண்டவர் ரெம்பாவ் பஸ் ஸ்டாண்டோட நின்னுடுவாராப்பா?" என்று கிருபா கேட்டாள்.

"வாய் பேசாத. அவர் சித்தம் தெரியட்டும்" என்றார் அப்பா.

அந்தச் சித்தம் தெரிவதற்குள் தேதி போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் செருப்பின் கதை மறக்கக்கூடியதல்ல. இந்தத் தேதி தவறினால் கிருபாவுக்குப் பால் வாளியும் வெட்டுக் கத்தியும்தான். அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அழுது ஜெபித்தாள். அப்பா தன் கடைசி ஜெபத்தில், "பிள்ளைங்களை ஊர் மோகத்திலிருந்து காத்துக்கொள்ளும்" என்று பதில் போட்டார். அடுத்த வாரம் நான் முயன்றேன். "உலகத்துச் சம்பளம் வாங்குறவங்களுக்குத் தாழ்மையைத் தாரும்" என்று எனக்கும் கிடைத்தது.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஞானம் அத்தையின் முறை வந்தது. அப்பாவின் ஆமென் ஒரு தனி ரகம். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, உடனே ஆமென். புகைக் கூடத்தில் கெட்டுப்போன தொண்டையிலிருந்து அது கரகரவென்று வரும். அத்தை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல மழை வராம, மரம் நனையாமக் காத்துக்கும்."

"ஆமென்."

"கங்காணியார் கால் வீக்கம் வத்தட்டும்."

"ஆமென்."

"முனியாண்டி அண்ணன் மருமவளுக்கு சுகப்பிரசவத்தைக் குடும்."

"ஆமென்!" இது வாசல்படியிலிருந்தும் வந்தது.

"சேவல் வச்சிருக்கிறவங்களையும் ஆசீர்வதியும்."

"ஆமென்."

"கிருபா திங்கக்கெழம நர்சுத் தேர்வுக்குப் போயிட்டு வரட்டும்."

தட்டு. "ஆமென்!"

நான் தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லோரும் ஏற்கெனவே தலையைத் தூக்கியிருந்தார்கள். அப்பாவின் நெற்றி மட்டும் பாயிலேயே இருந்தது.

முதலில் வாய் திறந்தது முனியாண்டி மாமாதான். "அண்ணே, சாமி முன்னாடி வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. எங்க கோயில்னா ஒரு பரிகாரம் பண்ணித் தப்பிச்சிக்கலாம். உங்களுக்கு அந்த வழியும் இல்ல லா."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். கிருபா இருமவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது தவறுதலாக வந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் எதிர்த்திருக்க மாட்டோம்.

அப்பாவின் கடைசி ஜெபம் வழக்கமாகக் கோப்பி ஆறும்வரை போகும். மலாக்கா நீரிணையைத் தாண்டி உலகம் முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் லயத்துக்குத் திரும்பும். அன்று இவ்வளவுதான்: "ஆண்டவரே, திங்கட்கிழமை நீர் அந்தப் பிள்ளையோட கூடப் போம். எனக்கு லீவு இல்ல."

முதலில் ஆமென் சொன்னது கிருபா.

ஞானம் அத்தை கோப்பியை உறிஞ்சியபடி, "என்ன அண்ணி, ஒங்க சேவலுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணேன்" என்றார். அம்மா அவர் தட்டில் இன்னொரு பிடி கடலையை வைத்தாள்.

அப்பா ஏமாந்துதான் சொன்னாரா என்று ரொம்ப நாள் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "அவருக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சி" என்றாள். கிருபா தலைமை நர்சாகி ஓய்வும் பெறப் போகிறாள். அந்த ஆமெனைப் பற்றி அப்பா யாரிடமும் பேசியதே இல்லை.

ரப்பர் போய் அந்த மண்ணில் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். ஞானம் அத்தை மகனோடு ஜோகூருக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். அப்பாவும் அம்மாவும் இல்லை. நீலாயில் நான் போகும் சபையில் குளிர்சாதனம் உண்டு, மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு; ஒருவர் மைக்கில் அழகான தமிழில் எல்லோருக்காகவும் பொதுவாக ஜெபிக்கிறார். யாருடைய சேவலையும் அவருக்குத் தெரியாது.

விடியற்காலையில் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபிக்கிறேன், ஒழுங்காக, ஒரு நாளும் தவறாமல். கடவுளை நடுவில் வைத்துத்தான் வாழ்கிறேன் என்று நம்புகிறேன். ஆனால் அப்பாவைச் சுற்றி ஒரு லயமே இருந்தது. நான் கேட்பதைக் கேட்டுவிட்டு, அதற்கு எதிராகப் பக்கத்திலிருந்து ஜெபிக்க இப்போது ஓர் ஆள் இல்லை. அதனால் நான் கேட்பதெல்லாம் எனக்கு நியாயமாகவே படுகிறது.