தெல்மா கத்திய மதியம்

இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரின் நாடகக் குழுவில் தெல்மாவுக்கு இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. பக்கத் திரை மறைவில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது. பிழைப்புக்குப் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். அங்கேயும் தணிந்த குரல்தான். மேடையேறச் சொன்னால் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மதியக் காட்சி, இப்போது எல்லோரும் பேசுகிற ஒரு மர்மக்கதைக்காரரின் நாடகம். பிரதியின் அறுபத்திரண்டாம் பக்கத்தில், விஷம் கலந்த விஸ்கியைக் குடித்துவிட்டு கிளைவ் சாக வேண்டும். விஸ்கி என்பது ஆறிப்போன தேநீர்தான். ஓய்வுபெற்ற தபால்காரரான கிளைவுக்கு மேடையில் சாவதென்றால் கொள்ளை ஆசை. ஒத்திகையில் செத்துக்கொண்டே இருப்பார். போதும் என்று இயக்குநர் ஜூடித் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அறுபதாம் பக்கத்திலேயே அவர் விழுந்தார்.

தெல்மா அடுத்த வசனத்தை இரண்டு முறை கிசுகிசுத்தாள். அசைவில்லை. பாதிரியாராக நடித்தவர் எதையோ சொந்தமாகப் பேசிச் சமாளித்தார். பேசாமல் இரு என்று ஜூடித் எதிர்ப்பக்கத்திலிருந்து சைகை காட்டினாள். தெல்மா திரையோரமாக எட்டிப் பார்த்தாள். கிளைவ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கிடந்தார். ஜென்மத்தில் அவர் அப்படிச் செத்ததில்லை. முகம் தெரியாத சாவு அவருக்குச் சாவே இல்லை. நாடகத்தை நிறுத்தி, அது நடிப்பாக இருந்துவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. நிறுத்தாவிட்டால்?

பிரதியைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். கிளைவின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா?"

கூட்டம் கைதட்டியது. இது இன்னொரு திருப்பம் என்று நினைத்துவிட்டார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று கெஞ்சினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். "இருக்கிறதுலயே இந்தம்மாதான் நல்லா நடிக்குது" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனிதர் சாகிறார், ஒருவர்கூட நம்பவில்லை.

இந்த மாதிரி நாடகங்களில் கொலைகாரன் யாரென்று முன்கூட்டிச் சொல்வதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. எந்த நடிகரும் அதைச் செய்யமாட்டார். அது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"கொன்னது பாதிரியார்" என்று கத்தினாள் தெல்மா. "பொய் உயில் எழுதினதும் அவருதான். கதை அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. இப்பவாவது டாக்டர் இருந்தா வாங்க."

கைதட்டல் நின்றது. நான்காவது வரிசையில் ஒரு பெண் கைப்பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். மண்டியிட்டு கிளைவின் கழுத்தில் விரல் வைத்தாள்.

"நாடி இருக்கு" என்றாள்.